திருகோணமலை: கடல் பார்க்கப் போய்ச் செய்தி பார்த்த கதை

2025 மே 9, வெள்ளி இரவு, பஸ்ஸில்

பௌத்தர்களின் வெசாக் பண்டிகை லீவு திங்களும் செவ்வாயும் வருகிறது, சனி ஞாயிறோடு சேர்த்துக் கிளம்பிவிட்டேன். புறக்கோட்டையில் ஏறிய பஸ்ஸில் ஏசி இல்லை, யன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். திருகோணமலை எனக்குப் புது ஊர். ஒன்றாக வேலை செய்யும் தோழி ஒருத்தியின் வீடு உவர்மலையில் இருக்கிறது, அவள் நேற்றே போய்விட்டாள். வந்தால் கடல் பார், மீன் சாப்பிடு, வேறொன்றும் செய்யாதே என்பது அவள் கட்டளை. செய்தி பார்க்கக்கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்டது. அது குருநாகல் வரைகூடத் தாங்கவில்லை.

பின் சீட்டில் நாலைந்து பொடியன்கள். அவர்களுக்கு இந்தியா-பாகிஸ்தான் சண்டையால் ஐ.பி.எல். நின்றுபோன கவலை. நேற்று தர்மசாலாவில் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பினார்கள், இன்றைக்குத் தொடரையே ஒரு கிழமைக்கு ஒத்திவைத்தாயிற்று. அப்புறம் ஒருவன் போனில் இந்தியச் செய்திச் சேனல் ஒன்றைச் சத்தமாகப் போட்டான். கராச்சித் துறைமுகம் எரிகிறதாம். அப்படி ஒன்றும் எரியவில்லை, பொய்ச் செய்தி என்று இன்றைக்குப் பகலே தெரிந்துவிட்டது, ஆனால் பொடியன்களுக்கு அது எரிய வேண்டியிருந்தது, அதனால் எரிந்துகொண்டே இருந்தது. முன்னால் அபாயா போட்ட ஒரு பெண், மடியில் சின்னப் பையன். "இனி இவங்களுக்கு இருக்கு" என்று ஒருவன் வேண்டுமென்றே கேட்கிற மாதிரிச் சொன்னான். அந்தப் பெண் திரும்பவில்லை. பையில் கையை விட்டு ஒரு மாரி பிஸ்கட்டை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த பையனின் கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். தமிழ் தெரியாத கண்டக்டரும் சும்மா சேர்ந்து சிரித்தார்.

காஷ்மீரின் பஹல்காமில் ஏப்ரல் 22ஆம் திகதி 26 பேரைக் கொன்றார்கள். மதத்தைக் கேட்டுவிட்டுச் சுட்டார்கள் என்று தப்பியவர்கள் சொன்னதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1983ல் பஸ்ஸை மறித்து, பேச வைத்துப் பார்த்து ஆட்களைப் பிரித்த கதையை எங்கள் அம்மாச்சி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கொடுமைக்கும் இந்தப் பிஸ்கட் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஹபரணையில் டீ குடிக்க இறங்கியபோது அந்தப் பொடியனிடமே கேட்டேன். "சும்மா பகிடிக்கு அக்கா" என்றான். நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தான், என் பிளேன்டிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் பார்த்தான்.

மே 10, சனி

விடியக்காலை கோட்டை வாசலில் மான்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரித் திரிகின்றன, ஒன்று பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. கோணேசர் கோயிலைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை, சம்பந்தரே பாடிவிட்டார். போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோயில், 1956ல் கடலுக்கடியில் லிங்கம் கிடைத்தது, கண்டெடுத்தவர்களில் ஒருவர் விண்வெளிக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க். பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சரி, அவ்வளவுதான், வீட்டுக்கு வருகிறேன்.

தோழியின் அப்பா ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர். சொந்த ஊர் சம்பூர். 2006ல் குண்டு போட்டபோது விட்டுவிட்டு ஓடி வந்தவர். ஊர் நிலத்தை அனல் மின்நிலையத்துக்கென்று எடுத்து வைத்திருந்து, 2015ல்தான் சனங்களைத் திரும்ப விட்டார்கள், அதற்குள் இவர் உவர்மலையில் வேர் பிடித்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். காலையில் எழுந்ததும் டிவி, டிவியில் காஸா, இதுதான் அவர் ஓய்வுக்காலம்.

மார்ச் 2ஆம் திகதியிலிருந்து காஸாவுக்குள் ஒரு மூட்டை மாவு போகவில்லை. உலக உணவுத் திட்டத்தின் பேக்கரிகள் மூடியாயிற்று, கையிருப்பு முடிந்துவிட்டது என்று ஏப்ரல் கடைசியில் அவர்களே அறிவித்துவிட்டார்கள். செத்தவர்கள் தொகை 52,000ஐத் தாண்டிவிட்டது. திரையில் ஒரு கஞ்சிக் கூடம், கம்பித் தடுப்பு, அதற்கு இந்தப் பக்கம் சட்டி பானைகளோடு பிள்ளைகள். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பின்னாலிருந்து நெருக்குகிறவர்களால் கம்பியோடு அமுங்கி, அழுதுகொண்டே பானையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அங்கிள் கண்ணைத் துடைக்கவே இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "இதே வரிசை பிள்ளை. இதே பானை. என்ர தங்கச்சியும் பிள்ளையளும் மாத்தளனில நிண்டவை" என்றார். 2009ல் அங்கே அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே ஷெல் அடித்த கதை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று 2011ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. மனிதாபிமான வலயம் என்று அல் மவாசிக்குப் போகச் சொல்லிவிட்டு அங்கேயும் அடிப்பதை அங்கிள் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றல்ல.

அந்த நேரம் போன் அடித்தது. வீட்டின் பக்கத்தில் அனெக்ஸ் இருக்கிறது, ஒரு அறை, குசினி, தனி வாசல், கரண்ட் பில் வேறு. வாடகைக்கு என்று பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். அன்ரி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மரியாதையான குரல், ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருக்கிற தாதி, தனி ஆள், நைட் டியூட்டி இருக்கும், சத்தம் சந்தடி இராது என்கிறாள். அன்ரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். தண்ணீர் எப்படி, குப்பை எப்படி என்று எல்லாம் கதைத்து முடித்து, கடைசியாகப் பெயரைக் கேட்டார். பெயர் வந்தது. "ஐயோ பிள்ளை, நேற்றுத்தான் ஒராளுக்குச் சொல்லிப்போட்டம், குறை நினைக்காதையும்" என்று அதே இனிமையோடு சொல்லி வைத்துவிட்டார். வைத்துவிட்டு அங்கிளைப் பார்த்து, "சோனகப் பிள்ளை" என்றார், முஸ்லிம் என்று அர்த்தம். அங்கிள் தலையாட்டினார். கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. டிவியில் அந்தச் சிறுமியையே திரும்பவும் காட்டினார்கள்.

நான் இதை எழுதுவது அந்த மனிதரைக் கேலி செய்ய அல்ல. அவர் அழுதது நடிப்பு என்றால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். நடிப்பில்லை. பட்டவர்களுக்குத்தான் மற்றவர் படுகிறது தெரியும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள், நானும் பல காலம் அப்படித்தான் நம்பி வந்தேன். தெரியத்தான் செய்கிறது, தெரிவது வேறு, வாசலைத் திறப்பது வேறு. காஸாக் குழந்தைக்கு அனெக்ஸ் தேவைப்படாது. அவள் இறைச்சி சமைக்க மாட்டாள், நோன்பு காலத்தில் விடிய மூன்று மணிக்கு லைட் போட மாட்டாள்.

காரணங்கள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் வந்தன. 2018ல் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவோடு வந்ததற்குப் பெற்றோர் மறியல் செய்தது, 2019 ஈஸ்டர் குண்டு, ஊர்க்காவல் படை, காணி, கச்சேரியில் அரசாங்க வேலை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், எதிலும் அந்தத் தாதி இல்லை. அன்ரி எனக்கு இரண்டாவது துண்டு அறுக்குளா மீனைப் போட்டுக்கொண்டே, "உம்மைப் பார்த்தா தோட்டத்துப் பிள்ளை எண்டு சொல்லவே ஏலாது" என்றார். நான் மலையகத் தோட்டத்துக்காரி, அவர் மனதாரப் பாராட்டினார். மீன் நல்ல ருசி, முள் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது, அதனால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

பின்னேரம் யுத்த நிறுத்தம் என்று செய்தி. இந்தியாவும் பாகிஸ்தானும் சொல்வதற்கு முன்னால் டிரம்ப் போஸ்ட் போட்டுவிட்டார். காந்தி சிலைப் பக்கம் கடற்கரையில் சனம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. இந்தக் கரையில்தான் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுதலையானார்கள். தோழி இடத்தைக் காட்டிவிட்டு, கடலை வாங்கப் போய்விட்டாள்.

மே 11, ஞாயிறு

விடிந்ததும் கெட்ட செய்தி. கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேல் ஆட்கள் முடிந்தார்கள். எங்கள் பக்கத்து றோட்டு. வீட்டுக்கு எடுத்தேன், எல்லாரும் சுகம். அம்மா அதைச் சொல்லி முடித்த கையோடு, "யாழ்ப்பாணத்து ஆளுங்க வீட்லயா தங்கியிருக்க? தனிக் கோப்பையில டீ குடுப்பாங்க, பாத்துக்க" என்றார். இது திருகோணமலை, யாழ்ப்பாணமில்லை என்றேன். எல்லாம் ஒன்றுதானாம். வடக்குக் கிழக்கு முழுக்க அம்மாவுக்கு யாழ்ப்பாணம். சொல்ல மறந்துவிட்டேன், பக்கத்து லயத்தில் எந்தச் சாதி வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எங்கே கூடாது என்பதற்கும் அம்மாவிடம் முழு வரைபடம் உண்டு.

நிலாவெளிக்கு ஆட்டோவில் போனோம். வழியில் உப்புவெளி யுத்த மயானத்தில் கொஞ்ச நேரம் இறங்கினோம், வெட்டி ஒழுங்காக்கிய புல், வரிசையாகக் கற்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டான். யாரோ யாரோடு போட்ட சண்டை, செத்தவர்களில் பலருக்கு இருபது இருபத்திரண்டு வயது.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணனின் மகன் இஸ்ரேலில். 2023 நவம்பரில் இலங்கை அரசாங்கம் பத்தாயிரம் பேரை அங்கே தோட்ட வேலைக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டதே, அந்த வழியில் போனவன். மே 4ஆம் திகதி பென் குரியன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏமனிலிருந்து வந்த ஏவுகணை விழுந்த அன்று அண்ணன் முழு நாளும் ஆட்டோ ஓட்டவில்லையாம். "அங்க குண்டு விழுந்தாலும் சம்பளம் விழுது தங்கச்சி, இங்க ரெண்டும் இல்லை" என்றார். காஸாவைப் பற்றிக் கேட்டேன். மகன் வேலை செய்கிற முதலாளி நல்லவனாம், பெருநாளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தானாம். அதற்குப் பிறகு நிலாவெளி வரும் வரை பேசவில்லை. மகனுடைய சம்பளத்தில் கட்டின வீட்டில் இருந்துகொண்டு அவர் வேறு என்ன சொல்வார். எனக்குப் பிடிக்காத பதில்தான், ஆனால் அந்த வீட்டுக்கு நான் ஒரு கல்லும் தூக்கிக் கொடுக்கவில்லை.

புறாமலைக்குப் படகில் போனோம். பவளப்பாறை, மீன், கருப்புத் துடுப்புச் சுறாக் குட்டிகள். தேசியப் பூங்காவாக்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது, ஆனாலும் சனம் பவளத்தின் மேலேயே ஏறி நின்று போட்டோ எடுக்கிறது. படகில் எங்களோடு வந்த கொழும்புக் குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் சிங்களத்தில், இவங்க பக்கத்தில் பையை வைக்காதே என்று பிள்ளைக்குச் சொன்னது. எங்களுக்குச் சிங்களம் தெரியும் என்பது கரை வரும்போது தோழி சுத்தமான சிங்களத்தில் நன்றி சொன்னபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தது இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சின்னச் சந்தோஷம், மறைப்பானேன்.

மே 12, திங்கள், வெசாக்

இந்த வருடம் வெசாக்கும், 2009 யுத்தத்தின் கடைசியில் செத்தவர்களை நினைக்கும் முள்ளிவாய்க்கால் வாரத்தின் முதல் நாளும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. அங்கிளின் ஊரில் அந்த நினைவுக் கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்று தோழியின் ஸ்கூட்டியில் கிளம்பினோம். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், அங்கிருந்து சம்பூர்ப் பக்கம்.

கிண்ணியாவில் தயிர் வாங்க நிறுத்தினோம். எருமைத் தயிர், மண்சட்டி, மேலே பழைய பேப்பர் போட்டு நாரால் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். கடை நானா பேச்சுக்காரர். சோடா பிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் நீள்சதுரமாகப் பசை அடையாளம் மட்டும் இருந்தது, நகத்தால் சுரண்டிய கோடுகளோடு. என்ன நானா என்று கேட்டேன். பலஸ்தீனக் கொடி ஸ்டிக்கராம். மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயதுப் பையனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்ட செய்தி வந்த அன்று இரவோடிரவாகப் பிய்த்துவிட்டாராம். 1979ல் கொண்டுவந்த சட்டம் இது, அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் எடுப்போம் எடுப்போம் என்றன, இன்னும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான சட்டம், அவருக்கு 2019க்குப் பிறகுதான் அதன் நாற்றம் தெரியுமாம். அவரே சொன்னார். 2020ல் கொரோனா என்று சொல்லி அவருடைய மச்சானின் மையத்தை, அதாவது உடலை, எரித்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. முஸ்லிம் சனத்துக்கு மையத்தை எரிப்பது என்னவென்று உலகத்துக்கே தெரிந்தும், 2021 பிப்ரவரி வரை எரித்தார்கள்.

கஞ்சிக்குப் போகிறோம் என்றதும் சட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "போங்க மகள், நல்ல விஷயம்தான். ஆனா 2006ல மூதூரையே காலி பண்ணிட்டு நாங்க கந்தளாய்க்கு நடந்தம். தொண்ணூறில காத்தான்குடிப் பள்ளிவாசலுக்குள்ள புலிகள் சுட்டாங்க, யாழ்ப்பாணத்துல இருந்து ரெண்டு மணித்தியாலத்துல போகச் சொன்னாங்க. எங்களுக்கு ஆரும் கஞ்சி காய்ச்சல்ல." கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். எங்களிடம் பதில் இல்லை. தோழி தலையைக் குனிந்துகொண்டாள். இவரிடம் அன்ரியின் அனெக்ஸ் கதையைச் சொன்னால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவராகவே அடுத்த கதைக்குப் போனார். போன மாதம் வெள்ளைக்காரச் சோடி ஒன்று தயிர் கேட்டு வந்ததாம், பெண்ணின் கழுத்தில் ஏதோ நட்சத்திரம், யூதர்கள் என்று நினைத்துத் தயிர் இல்லை என்று விரட்டிவிட்டாராம். அவர்கள் போன பிறகு மகன் சொன்னானாம், அவர்கள் போலந்துக்காரர், அந்த நட்சத்திரம் ஏதோ காற்பந்துக் கழகமாம். அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். யூதர்களாகவே இருந்திருந்தாலும் தயிர் கேட்டு வந்தவர்கள்தானே நானா என்றேன். "அதெப்பிடி மகள்" என்று சீரியஸாகிவிட்டார். உணவை மறிக்கிறவர்களுக்கு உணவு கொடுக்கக்கூடாதாம். அந்தச் சோடி எதை மறித்தது என்று கேட்டேன். நீங்கள் படித்த பிள்ளைகள், பேச்சில் வெல்ல முடியாது என்று சொல்லி, ஒரு சட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தயிரை இன்றிரவு கித்துள் பாணியோடு சாப்பிட்டோம், இதைவிட நல்ல தயிர் நான் சாப்பிட்டதில்லை.

மூதூரைத் தாண்டும்போது தோழி ஸ்கூட்டியை மெதுவாக்கினாள். 2006 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேரை அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொன்ற ஊர். நிறுவனத்தின் பெயர் போட்ட டீஷேர்ட்டோடு குப்புறக் கிடந்தார்கள். சுனாமிக்குப் பிறகு தண்ணீர், மலசலகூடம் என்று வேலை செய்ய வந்த பிள்ளைகள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஒருவருக்கும் தண்டனை இல்லை. இந்த மார்ச்சில் ரஃபாவில் ஆம்புலன்ஸ்காரர்களும் மீட்புப் பணியாளர்களுமாகப் பதினைந்து பேரைச் சுட்டு, வண்டிகளோடு மண்ணில் புதைத்தார்கள். லைட் போடாமல் சந்தேகமாக வந்தார்கள் என்று இஸ்ரேல் இராணுவம் சொன்னது, செத்தவர்களில் ஒருவரின் போனிலிருந்த வீடியோவில் சிவப்பு லைட் சுழன்றுகொண்டிருந்தது. அந்த வீடியோவைப் பார்த்தபோது மூதூர் எனக்கு ஞாபகம் வரவில்லை. மூதூர் றோட்டில் நிற்கும்போது ரஃபா வந்தது. கிண்ணியா நானாவுக்கு அந்த ஒரு முஸ்லிமைத் தெரிந்திருக்கும், அங்கிளுக்கு மற்ற 16 பேரைத் தெரியும். இரண்டு பேரும் 17 என்று சேர்த்து எண்ணி நான் கேட்கவில்லை.

கஞ்சி ஒரு கோயில் வளவுக்குப் பக்கத்தில், மர நிழலில். பெரிய கிடாரம், மூன்று கல் அடுப்பு, அரிசியும் தண்ணீரும்தான், உப்புக்கூட இல்லை. சிரட்டையில் ஊற்றித் தருகிறார்கள். சிரட்டையின் ஒரு பக்கம் இன்னும் தும்பு ஒட்டியிருந்தது, சூடு விரலுக்கு ஏறாமல் தும்புப் பக்கமாகப் பிடிக்க ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்தார். போன வருடம் இதே நாட்களில் இந்தப் பகுதியில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வரை இரவில் வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு போனார்கள், அவர்களில் ஒருத்தி பல்கலைக்கழக மாணவி. கஞ்சிக்கு நீதிமன்றத் தடை வாங்கிய நாடு இது. இன்றைக்கு யாரும் மறிக்கவில்லை. சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, தள்ளி நின்று, ஒவ்வொரு முகமாகப் போனில் எடுத்துக்கொண்டு போனார்கள். பாட்டி அவர்களுக்கும் இரண்டு சிரட்டை கொடுத்து அனுப்பினார், ஒருவன் வாங்கிக்கொண்டான்.

"நீங்க எவடம் பிள்ளை?" என்று கேட்டார் பாட்டி. பொகவந்தலாவை என்றேன். அவருடைய மருமகளும் எங்கள் பக்கம்தானாம், 77 கலவரத்தில் அடிபட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பம். "எவ்வளவு வேலை செய்வாள், எங்கட ஆக்களைப் போல இல்லை" என்றார். மருமகள் அப்போது கிடாரத்தின் கரியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவளோடு தனியாகக் கொஞ்ச நேரம் கதைக்க ஆசையாக இருந்தது, வாய்க்கவில்லை.

இரவு ஊருக்குள் வந்தால் தெருவெல்லாம் வெசாக் கூடு, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, கடற்படைக்காரர்கள் தன்சல் என்கிற இலவசச் சாப்பாட்டுப் பந்தல் போட்டு மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் கொடுக்கிறார்கள். தோழி வரமாட்டேன் என்று ஸ்கூட்டியிலேயே இருந்துகொண்டாள். காலையில் உப்பில்லாத கஞ்சி குடித்த வயிறு, அவர்களுடைய சீருடையைப் பார்த்துக்கொண்டு அவளால் சாப்பிட முடியாது, அது அவள் நியாயம். நான் வரிசையில் நின்றேன். எனக்கும் அந்தச் சீருடை உவப்பில்லை, ஆனால் கிழங்கை நீட்டியவனுக்கு மிஞ்சிப்போனால் இருபது வயது, 2009ல் நாலாம் வகுப்புக்கூடப் படித்திருக்க மாட்டான். "நங்கி, இன்னும் கொஞ்சம் சம்பல்?" என்றான். சிங்களத்தில் பதில் சொன்னேன். தமிழா என்று கேட்டுவிட்டு, பார்த்தால் தமிழ் என்று சொல்லவே முடியாது என்றான். சந்தோஷப்படுத்துகிறானாம். அன்ரியைக் கூட்டி வந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே பரிசைத்தான் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தோட்டத்தாள் மாதிரி இல்லை, தமிழ் மாதிரி இல்லை. இன்னும் இரண்டு ஊர் சுற்றினால் மனுஷி மாதிரியும் இல்லாமல் போய்விடுவேன். கிழங்கு நன்றாக வெந்திருந்தது. தோழிக்கும் ஒரு பொதி கேட்டு வாங்கினேன், அவள் தொடவில்லை, வழியில் ஒரு நாய்க்குப் போட்டோம்.

மே 13, செவ்வாய்

இன்றைக்கு எங்கும் போகவில்லை. இரவு பஸ். காலையில் அங்கிள் வாசலில் நின்று துறைமுகத்தின் பக்கம் கையைக் காட்டி எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகக் கட்டியவை, 99 தாங்கி, 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம், போன மாதம் மோடி வந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து இன்னொன்று. அங்கே சண்டை மூண்டால் இங்கேதான் முதலில் விழும் என்கிறார். நாலு நாளாக அவர் தூங்கவில்லை என்று அன்ரி சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

மத்தியானம் நேரடியாகக் கேட்டுவிட்டேன். அன்ரி, அந்தத் தாதிப் பிள்ளைக்கு ஏன் இல்லை என்றீர்கள். சாப்பிட்ட வீட்டில் கேட்கக்கூடாதுதான். அன்ரி கோபிக்கவில்லை. "நீர் வந்திட்டுப் போற ஆள் பிள்ளை. நாங்க இங்க இருக்கிறாக்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லும்?" அக்கம்பக்கத்தில் யார் என்ன சொல்வார்கள் என்று தோழி கேட்டாள், பெயர் சொல்லச் சொன்னாள். அன்ரிக்கு ஒரு பெயரும் வரவில்லை. அப்போது இந்த விஷயத்தில் இத்தனை நாளும் வாய் திறக்காத அங்கிள் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "அந்தப் பிள்ளை எந்த வார்ட்டாம்?" என்றார். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவருக்கு மாதா மாதம் கிளினிக், விடிய நாலு மணிக்குப் போய் நம்பர் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு தாதி இருந்தால் சீனி பார்க்கவும் லேசு.

காஸாவும் மூதூரும் செய்யாததை நீரிழிவு செய்யப் பார்த்தது. அன்ரி யோசித்தார். ஆனால் இனி எப்படிக் கூப்பிடுவது, வேறொராளுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லியாயிற்றே. அந்த ஆள் வரவில்லையாம் என்று சொல்லலாம் என்றாள் தோழி. அன்ரி ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை, மாட்டிறைச்சி சமைப்பாளா என்று மட்டும் முதலில் கேள் என்றார். அதைக் கேட்க மாட்டேன் என்று தோழி ஒரு சண்டை பிடித்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு எடுத்தாள்.

அந்தப் பெண் உடனே எடுத்தாள். ஜமாலியாவில் இடம் கிடைத்துவிட்டதாம், நேற்றே சாமான் ஏற்றிவிட்டாளாம். ஞாபகம் வைத்துக் கூப்பிட்டதற்கு மெத்தப் பெரிய உபகாரம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

"பார்த்தியே, அவங்கட ஆக்களே குடுத்திட்டாங்க, நான்தான் குற்றவாளி மாதிரி" என்றார் அன்ரி, பாரம் இறங்கிய குரலில். அங்கிள் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

பஸ் எட்டரைக்கு. அனெக்ஸ் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உவர்மலை, தனி வாசல், நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரி கிட்ட. யாருக்காவது வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நம்பர் தருகிறேன். அன்ரி கடைசியில் பெயர் கேட்பார்.